நேற்றைய கோப்பைக் காத்தவர்கள்: தானியங்கிக் காப்புநகல்களின் அரை நூற்றாண்டு

லினக்ஸ் கணினியொன்றில் ‘ஸ்னாப்பர்’ என்னும் மென்பொருளை நிறுவுபவர் ஒரு சிறிய அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்க நேரும். மணிதோறும் எடுத்தவற்றில் பத்து, நாள்தோறும் எடுத்தவற்றில் பத்து, மாதத்திற்குப் பத்து, ஆண்டிற்குப் பத்து என்று சில எண்கள் அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அவற்றை அப்படியே விட்டுவிடுவர். மாற்றுவோரும் வன்தட்டில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைப் பார்த்தே மாற்றுவர். எதை நினைவில் வைத்திருப்பது, எதை மறந்துபோக விடுவது என்ற பழைய கேள்விக்கான விடையே அந்த எண்கள். ஒரு காலத்தில் கணினிக்கூடத்தில் இரவுப்பணி பார்த்த மனிதர்கள் இக்கேள்விக்குத் தம் கையால் விடையளித்து வந்தனர். இன்று அப்பொறுப்பு ஓர் அமைப்புக் கோப்பிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கைமாற்றத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. தரவை அழிக்கும் பகை காலந்தோறும் மாறி வந்துள்ளது. முதலில் வன்தட்டின் பழுது, பின்னர் பயனரின் சொந்தக் கை, அதன்பின் வேண்டுமென்றே அழிக்க வரும் அந்நியர். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பகைக்கு ஏற்ற காப்பைக் கட்டியது. அந்தக் காப்பே எல்லாப் பகைகளையும் தடுத்துவிடும் என்று அடுத்த தலைமுறை நம்பியபோதுதான் பேரிழப்புகள் நேர்ந்தன.

நாடாக்களின் காலம்

வன்தட்டுகள் விலை மிகுந்தனவாகவும் எளிதில் பழுதாகக் கூடியனவாகவும் இருந்த காலத்தில் காப்புநகல் என்றாலே காந்த நாடாதான். 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே ‘டம்ப்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. கோப்பு முறைமை முழுவதையும் நாடாவில் இறக்கி வைப்பது அதன் பணி. தினந்தோறும் முழுவதையும் இறக்குவதற்கு நேரமும் நாடாவும் போதா. ஆகவே நிலைகள் வகுக்கப்பட்டன. பூச்சியம் என்பது முழு நகல். ஒன்று முதல் ஒன்பது வரையிலான நிலைகள், அவற்றைவிடக் கீழ்நிலையில் கடைசியாக எடுத்த நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் பதிபவை.

எந்த நாளில் எந்த நிலையை எடுப்பது என்பதே ஒரு கலையாக வளர்ந்தது. பெர்க்லி யூனிக்ஸின் ‘டம்ப்’ கையேடு இதற்கு மூன்று, இரண்டு, ஐந்து, நான்கு, ஏழு, ஆறு, ஒன்பது, எட்டு, ஒன்பது, ஒன்பது என்றொரு வரிசையைப் பரிந்துரைத்தது. ‘ஹனோய் கோபுரம்’ என்ற கணிதப் புதிரைச் சற்றே மாற்றி அமைத்த வரிசை அது. ஒவ்வொரு கோப்பும் ஒன்றுக்கு மேற்பட்ட நாடாக்களில் இருக்க வேண்டும், அதே வேளையில் நாடாக்களின் எண்ணிக்கையும் மிகுந்துவிடக் கூடாது என்னும் இரு தேவைகளை அது ஒருசேர நிறைவேற்றியது. அலுவலகக் கணினிக்கூடங்களில் இதைவிட எளிய ‘தாத்தா, தந்தை, மகன்’ முறை வழங்கிவந்தது. நாள்தோறும் சுழலும் நாடாக்கள் மகன், வாரநாடாக்கள் தந்தை, மாதநாடாக்கள் தாத்தா. ஸ்னாப்பரின் அமைப்புக் கோப்பிலுள்ள எண்கள் இந்தக் குடும்பத்தின் நேரடி வாரிசுகளே.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையை நகலெடுப்பதிலுள்ள சிக்கல். நாடா ஓடத் தொடங்கி முடிவதற்குள் கோப்புகள் மாறிவிடும். ஒரு கோப்பின் முன்பாதி பத்து மணி நிலையையும் பின்பாதி பதினொரு மணி நிலையையும் கொண்டிருக்கலாம். அப்படியொரு கோப்பு உண்மையில் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. இதைத் தவிர்க்க விரும்பியவர்கள் பயனர் அனைவரையும் வெளியேற்றிவிட்டு நகலெடுத்தனர். இரண்டாவது, நாடா மனிதனைச் சார்ந்திருந்தது. 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த ‘க்ரான்’ நிரல், குறித்த நேரத்தில் ஒரு கட்டளையை இயக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ஆனால் நாடாவைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டியவர் வேலைக்கு வராத நாளில் ‘க்ரான்’ மட்டும் என்ன செய்ய முடியும்?

பயனரின் கை

வன்தட்டுகளின் தரம் உயர உயர வேறோர் உண்மை வெளிப்பட்டது. கணினிக்கூடத்திற்கு வந்து “என் கோப்பு போய்விட்டது” என்று முறையிடுவோரில் பலர், அக்கோப்பைத் தாமே அழித்தவர்களாகவோ, அதன்மேல் வேறொன்றை எழுதிவிட்டவர்களாகவோ இருந்தனர். இவர்களுக்காகப் பொறுப்பாளர் உரிய நாடாவைத் தேடி எடுத்து, மாட்டி, ஓடவிட்டு, ஒரே ஒரு கோப்பை மீட்டுத் தர வேண்டியிருந்தது.

இதற்கு முன்வைக்கப்பட்ட விடைகளில் ஒன்று கோப்புகளுக்குப் பதிப்பு எண் இடுவது. 1977-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் அறிவித்த வாக்ஸ் கணினிகளின் விஎம்எஸ் இயங்குதளத்தில், ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாது. கோப்புப் பெயருக்குப் பின் ஓர் அரைப்புள்ளியும் அதையடுத்து ஒன்று கூடிய எண்ணுமாகப் புதிய பதிப்பு உருவாகும். வேண்டாத பழைய பதிப்புகளைக் களைவதற்கென்றே தனிக் கட்டளை இருந்தது. தனிக் கோப்புக்கு இது நன்றாகவே உதவியது. ஆனால் நூறு கோப்புகள் சேர்ந்து ஒரு நிரலாகும்போது, சென்ற செவ்வாய்க்கிழமை அந்த நூறும் எந்தெந்தப் பதிப்பில் இருந்தன என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமை அந்தத் திசையில் ஓர் அடி முன்னே வைத்தது. ஒவ்வோர் இரவும் பயனரின் இல்ல அடைவு முழுவதற்கும் படிக்க மட்டுமே இயலும் ஒரு பிரதி உண்டாக்கப்பட்டது. மாறாத பகுதிகளை மூலமும் பிரதியும் பகிர்ந்துகொண்டதால் அதற்குப் பிடித்த இடம் குறைவே. நேற்றைய கோப்பு வேண்டுமென்றால் பயனர் தம் அடைவுக்குள்ளேயே தேடி எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இக்கருத்தை அதன் இயல்பான முடிவுக்குக் கொண்டுசென்றவர்கள் பெல் ஆய்வகத்தார். யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்சனும் ராப் பைக் முதலானோரும் உருவாக்கிய ‘பிளான் 9’ இயங்குதளத்தின் கோப்புச் சேவையகம், ஒருமுறை எழுதினால் அழிக்கவே இயலாத ஒளித்தட்டுகளை அடித்தளமாகக் கொண்டது. அங்கே நாள்தோறும் அதிகாலை 5 மணிக்குக் கோப்பு முறைமை ஒரு கணம் உறையும். முந்தைய நாளுக்குப் பின் மாறிய பகுதிகள் ஒளித்தட்டில் எழுதப்படக் காத்திருக்கும் வரிசையில் சேரும். உடனே பணி தொடரும். அந்தக் காலைநேர நிலை தேதியையே பெயராகக் கொண்ட ஓர் அடைவாக நிலைபெறும். 1995 மார்ச் 15 அன்று ஒரு நிரல் எவ்வாறிருந்தது என்று அறிய விரும்புபவர் அந்தத் தேதியுள்ள அடைவுக்குள் சென்றால் போதும்.

பிளான் 9 வணிகத்தில் வெற்றி பெறவில்லை. ஆயினும் அது முன்வைத்த மூன்று கொள்கைகள் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. காப்பெடுப்பது மனிதர் நினைவில் வைத்துச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. பழைய நிலையைப் பார்க்கப் பயனர் எவர் தயவையும் நாடக் கூடாது. எடுத்த காப்பை, எடுத்தவரே நினைத்தாலும் அழிக்க முடியாதிருக்க வேண்டும். அடுத்து வந்த அமைப்புகள் முதலிரண்டையும் மகிழ்ந்து ஏற்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்தன. அந்த மறதியின் விலை பின்னர் தெரிந்தது.

பழையதன்மேல் எழுதாதே

1992-இல் டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் தொடங்கிய நெட்ஆப் நிறுவனம், கோப்புகளைப் பரிமாறுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட சேவையகங்களை விற்றது. அவற்றின் கோப்பு முறைமை ‘வாஃபல்’ பற்றி 1994-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வெளியான கட்டுரை, ‘ஸ்னாப்ஷாட்’ என்ற சொல்லைத் தொழில்துறையில் நிலைநாட்டியவற்றுள் முதன்மையானது. அன்றைய வாஃபலில் ஒரே நேரத்தில் 20 ஸ்னாப்ஷாட்டுகள் வரை இருக்கலாம். முன்கூட்டிக் குறித்த நேரங்களில் அவை தாமாகவே உருவாகும், தாமாகவே மறையும். ஒவ்வோர் அடைவிலும் மறைந்திருக்கும் ஒரு துணையடைவின் வழியாகப் பயனர் பழைய கோப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இதன் உள்ளியக்கம் எளியது. கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கத்தை அடித்துத் திருத்தாமல், திருத்திய கணக்கைப் புதிய தாளில் எழுதி, முகப்பிலுள்ள அட்டவணையில் அந்தப் பக்கத்தின் எண்ணை மட்டும் மாற்றுவதாகக் கொள்வோம். பழைய தாள் அப்படியே இருக்கிறது. பழைய அட்டவணையையும் எடுத்துப் பத்திரப்படுத்தினால் பழைய பேரேடு முழுமையாகக் கைவசம் இருக்கும். புதிய பேரேடும் பழையதும் மாறாத தாள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஸ்னாப்ஷாட் எடுப்பதற்குத் தரவை நகலெடுக்க வேண்டியதில்லை. எத்தனை பெரிய கோப்பு முறைமையாயினும் அது கணப்பொழுதில் முடிகிறது. நாடாக் காலத்தின் முதற்குறையும் இதனால் நீங்கியது. உறைந்து நிற்கும் ஒரு கணத்தின் நிலையிலிருந்து நாடாவுக்கு நிதானமாக நகலெடுக்கலாம், மேலே பணியும் தடையின்றி நடக்கலாம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் ஆகியோர் 2001-இல் தொடங்கிய ஜெட்எஃப்எஸ், 2005 அக்டோபர் 31 அன்று சோலாரிஸ் மூலநிரலில் இணைந்தது. அதிலும் பழையதன்மேல் எழுதாத இதே கொள்கைதான். அத்துடன் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை சேர்ந்தது. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதியும் வந்தது. இதன் காப்புரிமை குறித்து 2007-இல் நெட்ஆப் வழக்குத் தொடுத்தது, சன் எதிர்வழக்குத் தொடுத்தது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பின், 2010-இல், இரு தரப்பும் சமரசமாயின. அதே 2007-இல் ஆரக்கிளில் பணியாற்றிய கிறிஸ் மேசன் லினக்ஸுக்கென ‘பிடிஆர்எஃப்எஸ்’ கோப்பு முறைமையை அறிவித்தார். 2009-இல் அது லினக்ஸ் கருநிரலில் சேர்ந்தது.

இதற்குள் எளிய பயனரிடமும் இக்கருத்து வந்துவிட்டது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ நிரலுடன், மாறாத கோப்புகளுக்கு மறுபெயர் மட்டும் இட்டுப் பகிரும் உத்தியையும் சேர்த்து, சிறப்புக் கோப்பு முறைமை எதுவுமின்றியே ஸ்னாப்ஷாட் போன்ற வரிசையை உருவாக்கலாம் என்று லினக்ஸ் ஆர்வலர்கள் கண்டனர். 2007 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட ‘டைம் மெஷின்’, கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொன்று, கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கொன்று, அதற்கு முன்னர் வட்டு நிரம்பும்வரை வாரத்திற்கொன்று என்று தாத்தா, தந்தை, மகன் முறையையே எவரும் எதையும் அமைக்கத் தேவையில்லாத வடிவில் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 2011-இல் ஓப்பன்சூசே 12.1-உடன் வந்த ஸ்னாப்பர், மென்பொருள் நிறுவலுக்கு முன்னும் பின்னும் தானே ஸ்னாப்ஷாட் எடுத்தது. புதுப்பிப்பு ஒன்றால் கணினி குலைந்தால் முந்தைய நிலைக்கே திரும்பலாம்.

ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகுமா?

வசதி பெருகியபோது சொற்கள் மயங்கின. ஸ்னாப்ஷாட்டும் காப்புநகலும் ஒன்றே என்ற எண்ணம் பரவியது. பேரேட்டு உவமையையே நீட்டித்துப் பார்த்தால் பிழை விளங்கும். பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் ஒரே தாள்களைச் சுட்டுகின்றன. பேரேடு தீப்பற்றினால் இரண்டும் சேர்ந்தே எரியும். மணிக்கொன்றாக நூறு ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தாலும் வன்தட்டு பழுதானால் நூறும் ஒருங்கே போகும். பயனரின் கைத்தவறுக்கு எதிராகப் பிறந்த கருவி அது. நாடாக் காலத்தின் பகையான வன்தட்டுப் பழுதுக்கு அதனிடம் விடை கிடையாது.

ஸ்னாப்ஷாட்டுகளுக்கு வேறொரு குணமும் உண்டு. கோப்பை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது, ஏனெனில் பழைய அட்டவணை அதை இன்னும் பற்றிக்கொண்டிருக்கும். எண்களைத் தாராளமாக எழுதிய கணினிகளில் வட்டு நிரம்பிப் பணியே நின்றுபோவதற்கு இதுவே காரணமாகிறது. தரவுத்தளங்களிலும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை முன்னறிவிப்பின்றி உறையவைத்தால் மின்சாரம் திடீரென நின்ற கணத்தின் நிலையே பதிவாகும். நகலுக்கு முன் செயலிகளிடம் சற்றுப் பொறுக்குமாறு கேட்கும் ஏற்பாட்டை விண்டோஸின் நிழல்நகல் வசதி வகுத்தது இதனால்தான்.

இன்னொரு மயக்கம், கண்ணாடிச் சேவையகத்தைக் காப்புநகலாகக் கருதுவது. 2013 மார்ச்சில் கேடிஇ திட்டத்தின் மூலநிரல் சேவையகத்தில் கோப்பு முறைமை சிதைந்தது. உலகெங்கும் இருந்த அதன் பிரதிச் சேவையகங்கள் தமக்கு இடப்பட்ட பணியைப் பிசகின்றிச் செய்தன. மூலத்தில் நேர்ந்த சிதைவை அவையும் நகலெடுத்துக்கொண்டன. ஏறத்தாழ 1,500 நிரற்களஞ்சியங்கள் அழிவின் விளிம்பில் நின்றன. வேறொரு பணிக்காக இருந்த ஒரு சேவையகத்தில் சிதையாத நகல் தற்செயலாக எஞ்சியிருந்ததால் அவை தப்பின. சற்றுமுன் இருந்த நிலையை ஏற்காது இப்போதைய நிலையை மட்டும் போற்றும் பிரதி, தவறையும் அதே விசுவாசத்துடன் பரப்பும்.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ தம் துறையினருக்காக 2000-களில் வகுத்துரைத்த மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதி இந்த மயக்கங்களுக்கு மாற்றாக அமைந்தது. தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்றாவது வேறோர் இடத்தில். கணினி அறிவியலாளர் அல்லாத ஒருவர் தந்த இவ்விதி இன்று கணினித்துறை முழுவதற்கும் பொதுவிதியாகிவிட்டது. அது மீறப்பட்டால் நேர்வதைத் தென்கொரியா 2025-இல் கண்டது. செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மூண்ட தீயில், அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி டிரைவ்’ அழிந்தது. அதிலிருந்த தரவு 858 டெராபைட். அளவு பெரிதென்பதால் வெளியிடக் காப்பு ஏற்படுத்தப்படவில்லை என்பதே அளிக்கப்பட்ட விளக்கம்.

ஓசையின்றி நின்றுபோன காப்புகள்

நாடாவைக் கையால் மாட்டியவருக்கு, மாட்டாத நாள் எது என்று தெரியும். தானியங்கி அமைப்பில் அந்த அறிவு மறைகிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும், அதை அந்நிறுவனமே மறைக்காமல் வெளியிட்ட விரிவான அறிக்கையும் இதற்குச் சான்று. இரவில் சிக்கலொன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சேவையகம் என்று எண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவுத்தள அடைவை அழித்தார். தவறென்று உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே மிஞ்சியிருந்தது.

காப்பைத் தேடியபோதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எல்லாரும் நம்பியிருந்த தரவுத்தள நகல் எடுக்கப்படவே இல்லை. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு வேறு, தரவுத்தளத்தின் பதிப்பு வேறு. ஆகவே ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டும், முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் சேவையகம் அவற்றை நிராகரித்துவந்தது. நகல்கள் சேர்ந்திருக்க வேண்டிய தொலைவிடக் களஞ்சியம் வெறுமையாக இருந்தது. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றேனும் நம்பத்தகுந்த நிலையில் இல்லை. அழிவுக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

காப்பெடுக்கும் நிரலே மூலத்தை அழித்ததும் உண்டு. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் 14 ஆய்வுக் குழுக்களின் ஏறத்தாழ 77 டெராபைட் தரவு, 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்தன. பழைய குறிப்பேடுகளை மட்டும் களைய வேண்டிய ஒரு நிரல், தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மாற்றி எழுதப்பட்டது. பாதியில் மாறியதால், எந்த அடைவைத் துடைப்பது என்று சொல்லும் மாறி மதிப்பில்லாமல் போக, ஆய்வாளர்களின் கோப்புகளை அது துடைக்கத் தொடங்கியது. நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. மறக்கக் கற்பிக்கப்பட்ட இயந்திரம் எதை மறக்க வேண்டும் என்பதில் தவறினால் நேர்வது இது. காப்பு அமைப்பில் எடுக்கும் கட்டளையைவிடக் களையும் கட்டளையே ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வேண்டுமென்றே அழிப்பவர்

மூன்றாவது பகை வந்தபோது ஸ்னாப்ஷாட்டுகள் முதல் இலக்காயின. 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய ‘வன்னாக்ரை’ என்னும் பிணைப்பண நிரல், கோப்புகளைப் பூட்டியதோடு நிற்கவில்லை. விண்டோஸின் நிழல்நகல்களையும் அழிக்கும் கட்டளையை இயக்கியது. அதற்குத் தனித்திறன் எதுவும் தேவைப்படவில்லை. கணினி நிர்வாகிக்கென உள்ள சாதாரணக் கட்டளையே போதுமாயிற்று. கோப்புக்கும் அதன் காப்புக்கும் ஒரே சாவி இருக்கும்வரை, சாவியைத் திருடியவனுக்கு இரண்டும் ஒன்றே. பெல் ஆய்வகத்தார் அழிக்க இயலாத ஒளித்தட்டைத் தேர்ந்தெடுத்தது இடச்செலவு பாராத ஆடம்பரமாகப் பலருக்குத் தோன்றியிருக்கலாம். கால் நூற்றாண்டுக்குப் பின் தொழில்துறை அதே கொள்கைக்குத் திரும்பியது. 2018-இல் அமேசான் தன் சேமிப்புச் சேவையில், குறித்த காலம் முடியும்வரை எவராலும் அழிக்க இயலாதவாறு தரவைப் பூட்டும் வசதியை அறிமுகப்படுத்தியது. பிறரும் தொடர்ந்தனர்.

இந்தியாவில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்கப்பட்டன. ஐந்து சேவையகங்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. புறநோயாளர் பதிவு, உள்நோயாளர் சேர்க்கை, ஆய்வகப் பரிசோதனை ஆகிய அனைத்தும் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பின. தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்து வரிசையில் நின்றவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பு. இரண்டு வாரங்களுக்குப் பின் பெரும்பாலான பணிகள் சீரடைந்தன. தாக்குதலால் பாதிக்கப்படாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்து இ-மருத்துவமனைத் தரவு அனைத்தும் எடுக்கப்பட்டுப் புதிய சேவையகங்களில் ஏற்றப்பட்டதாக அரசின் விடை கூறியது. எத்தனை நகல்கள் இருந்தன என்பது அங்கே கணக்கில் வரவில்லை. தாக்கியவரின் கை எட்டாத ஒன்று இருந்தது என்பதே கணக்கில் வந்தது. அப்படியொன்று இருந்தும் மீட்பதற்கு இரண்டு வாரங்கள் ஆயின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தரவு இருப்பது வேறு, உரிய நேரத்தில் அது கைக்குத் திரும்புவது வேறு.

இன்று இப்பொருளில் சட்டமும் பேசுகிறது. 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், தரவைக் கையாளும் நிறுவனங்கள் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளுள் காப்புநகலையும் குறிப்பிடுகின்றன. அதே சட்டம், தம்மைப் பற்றிய தரவை அழிக்குமாறு கோரும் உரிமையையும் குடிமக்களுக்கு அளிக்கிறது. முதன்மைத் தளத்தில் ஒருவரின் பதிவை அழித்த பின்னும், சென்ற மாதத்து ஸ்னாப்ஷாட்டிலும் சென்ற ஆண்டு நாடாவிலும் அவர் இருந்துகொண்டிருப்பார். இதுவரை வட்டின் கொள்ளளவைப் பார்த்து எழுதப்பட்ட எண்கள், இனி ஒருவர் மறக்கப்பட எத்தனை நாள் ஆகும் என்பதற்கும் விடை சொல்ல வேண்டியவை.

ஐம்பது ஆண்டுகளில் இயந்திரம் ஏற்றுக்கொண்டவை பல. நேரம் பார்ப்பது, மாறியவற்றைக் கண்டறிவது, கணப்பொழுதில் உறையவைப்பது, வேறிடத்திற்கு அனுப்புவது, பழையதைக் களைவது. மனிதரிடம் எஞ்சியவை மூன்று. எந்தப் பகையை எதிர்பார்க்கிறோம் என்று தீர்மானிப்பது. காப்பின் சாவியை மூலத்தின் சாவியிலிருந்து பிரித்து வைப்பது. அவ்வப்போது ஒரு நகலை எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்ப்பது. முதலிரண்டும் அமைப்புக் கோப்புகளில் ஓரளவு இடம்பெற்றுவிட்டன. மூன்றாவதற்கான வரி பெரும்பாலான கோப்புகளில் இன்னும் இல்லை. கிட்லேப்பின் ஐந்து ஏற்பாடுகளிலும் விடுபட்டிருந்தது அந்த ஒரு வரியே.